நாங்குநேரிச் சீமை – 11: முப்பத்துமூன்று ஆண்டு வேலை

சென்ற அத்தியாயத்தில் வானமாமலைக் கோயிலின் எண்ணெய்க் கிணற்றருகே நிறுத்தியிருந்தோம். பெருமாளுக்கு அன்றாடம் நல்லெண்ணெய்க் காப்பு, வழிந்த எண்ணெய் போய்ச் சேரும் கிணறு, ஜீயர் மடம், மலையிலிருந்து இறங்கும் தண்ணீரைத் தேக்கி வைக்கும் குளங்கள், குளத்துக்குக் கீழே வயல், வயலுக்குச் சொந்தக்காரர், அவருக்குக் கீழே குத்தகைக்காரர். தாலுகாவின் வடபாதி இந்த ஒழுங்கில்தான் பல நூற்றாண்டுகள் நடந்து வந்தது.

தெற்கே போகப் போக இந்த ஒழுங்கு குலையும். விஜயநாராயணம் பெரிய குளத்தைத் தாண்டினால் தண்ணீர் குறையும், மண் சிவக்கும். திசையன்விளையை நெருங்கும்போது தேரி தொடங்கிவிடும். காற்று அடித்துக் குவித்த செம்மணல் மேடு; மேட்டில் உடைமரமும் பனையும். நெல் விளையாத ஊருக்குப் பெரிய மடமும் வராது, தேரோடும் வீதியும் வராது. திசையன்விளைக்கும் உவரிக் கடலுக்கும் பக்கத்தில் உள்ள இடையன்குடி அப்படிப்பட்ட ஊர். ராதாபுரம் தனித் தாலுகா ஆகும்வரை அதுவும் நாங்குநேரித் தாலுகாக் கணக்கில்தான் இருந்தது. ஆகவே நம் தொடருக்குள் அதற்கு இடம் உண்டு.

அங்கே ஒரு வேதக்கோயில் இருக்கிறது. பெயர் பரிசுத்த திரித்துவ ஆலயம். 1847ல் அடிக்கல் வைத்தார்கள். 1880 ஜூலை 6ஆம் தேதி பிரதிஷ்டை செய்தார்கள். நடுவில் 33 ஆண்டுகள். அடிக்கல் வைத்த அன்று தொட்டிலில் கிடந்த பிள்ளை, பிரதிஷ்டை அன்று தன் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கும்.

'கால்டுவெல் கட்டிய கோயில்' என்று ஒரே வரியில் சொல்லிப் போவது வழக்கம். அவர் எழுதிய ஒப்பிலக்கணத்தின் புகழ் அவ்வளவு பெரிது. அந்த வரியில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி அந்த 33 ஆண்டுகளுக்குள் இருக்கிறது.

நாற்பது பேரில் தொடங்கிய கணக்கு

முதலில் கொஞ்சம் பின்னால் போய்வர வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் சீர்திருத்தச் சபையின் தொடக்கம் பாளையங்கோட்டை. 1778ல் தஞ்சாவூரிலிருந்து வந்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அங்கே கிளாரிந்தா என்ற பிராமணக் கைம்பெண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780ல் எழுதிய சபைப் பதிவில் 40 பெயர்கள். கிளாரிந்தா முன்னின்று கட்டிய சிறிய ஆலயம் 1785ல் எழுந்தது. பிறகு சத்தியநாதன் வந்தார். 1790ல் தஞ்சாவூரில் குருப்பட்டம் பெற்ற தமிழர் அவர்.

கோட்டை நகரத்துச் சபை தேரிக்காட்டுக்கு இறங்கியது தாவீது சுந்தரானந்தம் வழியாக. சாத்தான்குளம் பக்கத்துக்காரர், நாடார் இளைஞர். தன் உறவுக்காரர்களிடம் போய் அவர் பேசத் தொடங்கினார். கேட்டவர்கள் ஊருக்குள் நிம்மதியாக இருக்க முடியவில்லை. அடி விழுந்தது, ஜெபவீடு எரிந்தது. கடைசியில் தனியாக நிலம் வாங்கி 1799ல் முதலூர் என்று ஓர் ஊரையே உண்டாக்கிக்கொண்டார்கள். அதன்பின் இந்தப் பக்கத்துச் சபைகளுக்கு இதுவே வழி ஆயிற்று: நிலம் முதலில், வீடு அடுத்தது, கோயில் அதற்கும் பிறகு.

1802, 1803ஆம் ஆண்டுகளில் மிஷனரி கெரிக்கே ஐயரும் சத்தியநாதனும் சேர்ந்து 5,000 பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். கெரிக்கே 1803லேயே இறந்துபோனார். வந்தவர்களைப் பார்த்துக்கொள்ளக் குருமார் இல்லை. 1811ஐ ஒட்டி வந்த கொள்ளைக் காய்ச்சலில் பல ஊர்கள் நொடிந்தன. பலர் பழைய தெய்வங்களிடமே திரும்பினார்கள். தேவைக்குச் சாமி கும்பிடுவதும், அந்தச் சாமி காப்பாற்றாவிட்டால் வேறு சாமியிடம் போவதும் ஏழைக்குடிகளுக்குப் புதிதல்ல. கூட்டமாக வந்தவர்கள் கூட்டமாகப் போனதை நேரில் கண்டவர்கள் ஒன்றைப் புரிந்துகொண்டார்கள். ஞானஸ்நானத் தண்ணீர் காய்வதற்குள் குரு ஊரைவிட்டுப் போனால் சபை நிற்காது. யாராவது ஒருவர் வந்து அங்கேயே உட்கார வேண்டும்.

நடந்து வந்தவர்

ராபர்ட் கால்டுவெல் 1814 மே 7ஆம் தேதி அயர்லாந்தில், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். கிளாஸ்கோவில் படித்தார். 1838 ஜனவரியில் லண்டன் மிஷன் ஊழியராகச் சென்னை வந்தார். கப்பலில் கூட வந்தவர்களில் தெலுங்கு அறிஞர் சி.பி. பிரௌனும் ஒருவர். சென்னையில் மூன்றாண்டுக்கு மேல் தமிழ் படித்த பிறகு, லண்டன் மிஷனை விட்டு ஆங்கிலிக்கன் திருச்சபையின் எஸ்.பி.ஜி. சங்கத்தில் சேர்ந்தார். 1841ல் அவருக்குக் கொடுத்த இடம் இடையன்குடி.

சென்னையிலிருந்து அவர் வந்த வழி நேர்வழி அல்ல. சிதம்பரம், தரங்கம்பாடி, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி என்று கிழக்கே சுற்றி, நீலகிரி ஏறி, அங்கே ஆயரிடம் குருப்பட்டம் பெற்று, கோயம்புத்தூர், மதுரை வழியாக இறங்கினார். நடந்தே வந்தார். மக்கள் பேசுவதை, சாப்பிடுவதை, கோபப்படுவதைப் பார்க்க அதுதான் தோது என்று அவர் நினைத்தார். இடையன்குடியில் கால் வைத்தபோது வயது 27.

கண்ட ஊர் எப்படி இருந்திருக்கும் என்று இன்றும் தேரிக்குள் ஒதுங்கிக் கிடக்கும் சில குக்கிராமங்களைப் பார்த்தால் ஊகிக்கலாம். ஆளுக்கொரு பக்கம் பார்த்து நிற்கும் ஓலைக்குடிசை. நடுவில் மணல். ஒழுங்கான தெரு கிடையாது. மழை பெய்தால் ஒரு பக்கம் சேறு, கோடையில் காற்றடித்தால் வாசலில் மணல் மேடு. அவர் செய்த முதல் காரியம் நிலம் வாங்கியது. வாங்கிய நிலத்தில் கயிறு பிடித்து நேர்த்தெருக்கள் அளந்தார். தெருவோரம் மரம் வைத்தார், கிணறு வெட்டினார், பள்ளிக்கூடம் வைத்தார். வீட்டுமனைகளை வரிசையாகப் பிரித்தார்.

நேர்த்தெரு என்பது இன்றைக்குச் சாதாரணம். அன்றைக்கு அப்படி இல்லை. வடபாதியில் நேர்த்தெருவும் மாடவீதியும் அக்கிரகாரத்துக்கும் கோயிலைச் சுற்றிய வீதிக்கும் உரியவை. பனையேறுகிறவன் அப்போது அந்த வீதியில் நடக்கவே முடியாது. அப்படிப்பட்டவனுக்கு வாசலுக்கு எதிரே அகலமான தெரு கிடைத்ததும் ஊரில் அவன் நிற்கிற நிலையே மாறிற்று. இடையன்குடியில் முதலில் எழுந்த கட்டுமானம் தெருதான். கோயில் காத்திருந்தது.

பனையும் சபையும்

இந்தச் சபையின் பொருளாதாரம் தெரியாமல் அதன் கோயிலைப் பற்றிப் பேச முடியாது. எல்லாம் பனை.

பங்குனியில் பாளை விடத் தொடங்கினால் ஆடி ஆவணி வரைக்கும் ஏற்றம். இடுப்பில் பாளையருவாள் பெட்டி, காலில் தளைநார், மரத்தில் சாய்த்துக் கால்வைக்க முருக்குத்தடி. ஒருவன் முப்பது, நாற்பது மரம் பார்ப்பான். காலையில் ஏறிக் கலயத்தில் சேர்ந்த அக்கானியை, அதாவது பதநீரை, இறக்க வேண்டும். சாயங்காலம் மறுபடி ஏறிப் பாளை நுனியைச் சீவிவிட வேண்டும். சீவாவிட்டால் மறுநாள் சொட்டாது. பாளை ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்காது. 'ஓய்வுநாளை ஆசரிப்பாயாக' என்ற கட்டளையைக் கற்றுக்கொண்ட பனையேறிக்கு முதல் சிக்கல் இங்கேதான்.

இறக்கியதை வீட்டுக்காரி விடிலியில் காய்ச்சுவாள். ஓலையால் வேய்ந்த சின்னக் குடில் அது. உள்ளே அடுப்பு, அடுப்பில் பெரிய பானை, எரிக்கக் காய்ந்த ஓலையும் முள்ளும். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கிய பதநீர் மணிக்கணக்கில் கொதித்துச் சுண்ட வேண்டும். பாகு எப்போது பதத்துக்கு வந்தது என்பது கிண்டுகிற கைக்குத் தெரியும். அந்த நொடி தப்பினால் கருப்பட்டி கட்டாது, அல்லது கருகும். பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி ஆறவைத்தால் அரைவட்டக் கருப்பட்டி. அதைக் கடனுக்குக் கொடுத்த வியாபாரி எடுத்துக்கொண்டு போவான். ஏற்றக் காலம் முடிந்ததும் கையிருப்பும் முடியும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எல்லாம் கடன் மாதங்கள்.

இவர்கள்தான் சபை. அதிகாலை மணி அடிக்கும்போது ஆண்பிள்ளைகள் பனையில் இருப்பார்கள். ஜெபத்துக்குப் பெண்களும் பிள்ளைகளும் வயதானவர்களும்தான் வர முடியும். சாயங்கால மணிக்கு, மரத்திலிருந்து இறங்கி மேல்கழுவிக்கொண்டு ஆண்கள் வருவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு உபதேசியார் பத்துக் கட்டளையையும் கர்த்தருடைய ஜெபத்தையும் வாய்ப்பாடாகச் சொல்லிக்கொடுப்பார். இப்படி நாள்தோறும் காலையும் மாலையும் மணி அடித்து ஊரைக் கூட்டுவது அந்தக் காலத்துத் திருநெல்வேலிச் சபைகள் எல்லாவற்றிலும் உண்டு.

காணிக்கையும் இதே கணக்கில்தான் வரும். காசு புழங்காத ஊரில் காசுக் காணிக்கை எப்படி விழும்? உலையில் போடுவதற்கு முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்து வைக்கும் பிடியரிசிப் பழக்கம் திருநெல்வேலிச் சபைகளில் வேர்விட்டது இப்படித்தான். முதல் கருப்பட்டி, முதல் முட்டை, முதல் காய் என்று முதற்பலன் கோயிலுக்கு வரும். ஆராதனை முடிந்ததும் வெளியில் ஏலம். ஒரு கோழியைப் பத்துப்பேர் விலை ஏற்றிக் கேட்டு, எடுத்தவனே மறுபடி காணிக்கையாகக் கொடுத்து, அதையே இரண்டாம் தரம் ஏலம் விடுகிற வேடிக்கை இன்றைக்கும் அறுப்பின் பண்டிகைகளில் உண்டு. ஆலயப் பணியாளரான கோவில்குட்டியார் கோழியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். உபதேசியார் 'ஒருதரம், ரெண்டுதரம்' சொல்வார். பிள்ளைகளுக்குப் பிரசங்கத்தைவிட இது பிடிக்கும்.

ஆங்கிலேயர் எழுதி வைத்த மிஷன் அறிக்கைகளில் பெரிய தொகைகள் வெளிநாட்டு நண்பர்கள் பெயரில் இருக்கும். உண்மைதான். தூரதேசத்துப் பணம் இல்லாமல் கல்கட்டடம் எழுந்திருக்காது. ஆனால் நாள்தோறும் மணி அடிக்கவும் விளக்கெரிக்கவும் உபதேசியார் வீட்டு அடுப்பு எரியவும் பிடியரிசிக் கலயம் வேண்டியிருந்தது.

திண்டும் கட்டைகளும்

1844 மார்ச்சில் கால்டுவெல் எலைசாவை மணந்தார். நாகர்கோவிலில் ஊழியம் செய்த சார்லஸ் மால்ட் ஐயரின் மகள். தென்திருவிதாங்கூரில் வளர்ந்தவர், பேச்சுத் தமிழ் அவருக்குக் குழந்தையிலேயே வாய்த்தது. புத்தகத் தமிழ் படித்த கணவருக்கு அந்த வீட்டில் ஒரு நல்ல ஆசிரியை இருந்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

எலைசா இடையன்குடியில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி வைத்தார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம். பள்ளியோடு அவர் கொண்டுவந்த இன்னொன்று லேஸ் பின்னல். அவருடைய தாயார் மார்த்தா மால்ட் 1820களின் தொடக்கத்திலேயே நாகர்கோவிலில் அதைத் தொடங்கியிருந்தார். அங்கே அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண்கள் லேஸ் பின்னிச் சேர்த்த காசில் தங்கள் விடுதலையையே வாங்கிக்கொண்டார்கள் என்பது பதிவாகியுள்ள செய்தி.

வேலை இப்படி. மடியில் உருண்டையான ஒரு திண்டு. அதன்மேல் கோலம்போலப் புள்ளி குத்திய காகிதம். நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். இடக்கைக் கட்டையை வலக்கைக் கட்டைமேல் தாண்டிப் போட்டு, முறுக்கி, புள்ளியில் குண்டூசி குத்தி நிறுத்தி, அடுத்த ஜோடிக்குப் போக வேண்டும். வடிவம் அகலமானால் கட்டைகளின் எண்ணிக்கையும் ஏறும். எந்தக் கட்டை எந்த நூலுக்கு என்பதைக் கண்ணால் தேடாமல் விரலே கண்டுபிடிக்க வேண்டும். விடிலிப் பாகின் பதம் தெரிந்த கை இதையும் பிடித்துக்கொண்டது. சரக்கு ஐரோப்பியச் சீமாட்டிகளின் உடைக்குப் போயிற்று. கூலி, பனையேற்றம் இல்லாத மாதங்களிலும் வீட்டுக்கு வந்தது. கடன் மாதங்களில் அடுப்பெரிந்த வீடுகளில் பெண்ணின் பேச்சுக்கு மதிப்பு ஏறியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஏன் முப்பத்துமூன்று ஆண்டு?

1847. இடையன்குடியில் அடிக்கல் விழுந்த அதே ஆண்டில் மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் ஐயர் தம்முடைய பெரிய ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார். தேரிக்காட்டுக்கு நடுவில் எழுந்த அதன் கோபுரம் 192 அடி உயரம். பல மைலுக்கு அப்பாலிருந்தே தெரியும். அங்கே சில ஆண்டுகளில் பிரதிஷ்டை வரை வந்த வேலை இங்கே ஒரு தலைமுறை இழுத்தது.

ஒரு காரணம் கட்டட முறை. கால்டுவெல் விரும்பியது காதிக் பாணி. ஜன்னலும் வாசலும் மேலே கூர்முனையாகக் குவியும் வளைவு. நம் கொத்தனார்கள் கைப்பழக்கம் வேறு: தூண் நிறுத்தி, போதிகை வைத்து, அதன்மேல் உத்தரத்தைப் படுக்கவைக்கும் கோயில் முறை. உத்தரம் பாரத்தை நேரே கீழே இறக்கும். வளைவு பாரத்தைப் பக்கவாட்டிலும் தள்ளும். அதைத் தாங்கச் சுவருக்கு வெளியே முட்டுச்சுவர் வேண்டும், நடுவில் சேரும் கல் வைக்கும்வரை மரச்சாரத்தின்மேல் எல்லாம் நிற்க வேண்டும். வரைபடத்தைக் காட்டினால் புரியாது. ஆகவே ஜன்னல் வேலைப்பாடுகளைக் களிமண்ணில் மாதிரியாகச் செய்து காட்டினார் என்பது இடையன்குடிக் கோயிலைப் பற்றி எழுதியவர்கள் தவறாமல் சொல்லும் செய்தி. மாதிரியைத் தொட்டுத் தடவிப் பார்த்து, அளவெடுத்து, அதேபோல் உள்ளூர்க் கொத்தனார்கள் செய்தார்கள். தான் பார்த்தேயிராத இங்கிலாந்து ஜன்னலைத் தேரிக்காட்டுக் கை செய்தது.

சாந்து நம்முடையது. சுண்ணாம்பை மாதக்கணக்கில் ஊறவைத்து அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரை விட்டுக் குழைப்பது தென்னாட்டுக் கட்டட வேலையின் பழைய வழக்கம். கருப்பட்டி வாய்க்கு இனிப்பு, சுவருக்கு இறுக்கம்.

இரண்டாவது காரணம் பணம். வந்தால் வேலை, வராவிட்டால் நிறுத்தம். மூன்றாவது, கட்டுகிறவரே நடுவில் பலமுறை வேறு வேலைக்குப் போனார். 1854ல் உடல்நலிவோடு ஊருக்குப் போனவர் 1856ல் லண்டனில் 'திராவிட அல்லது தென்னிந்தியக் குடும்ப மொழிகளின் ஒப்பிலக்கணம்' நூலை வெளியிட்டார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் துளுவும் சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் அல்ல, தனிக் குடும்பம் என்று விரிவான சான்றுகளோடு நிறுவிய நூல். எல்லிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1816லேயே இந்தக் கருத்தைத் தொட்டுக் காட்டியிருந்தார். கால்டுவெல் அதை முழு இலக்கணமாகக் கட்டினார். திரும்பி வந்த பிறகு தமிழ் வேதாகமத் திருத்தக் குழுவில் வேலை. அந்தப் பயணத்துக்கு முன்னும் பின்னுமாகச் சபைக்கென்று 'நற்கருணைத் தியானமாலை', 'தாமரைத் தடாகம்' போன்ற தமிழ் உரைநடை நூல்கள். 1875ல் ஒப்பிலக்கணத்தின் விரிந்த இரண்டாம் பதிப்பு. இவ்வளவுக்கும் நடுவில் இடையன்குடியில் சுவர் ஒரு முழம், இரு முழம் என்று ஏறிக்கொண்டிருந்தது.

சபை கோபித்துக்கொண்டது

இந்த ஆண்டுகளுக்குள் நடந்த இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அடிக்கல் வைத்த இரண்டாம் ஆண்டு, 1849ல், கால்டுவெல் நாடார் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். சீமையிலிருந்து பணம் கொடுக்கிறவர்களுக்கு இங்குள்ள மக்களைப் பற்றித் தெரிவிப்பது நோக்கம். அவர்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்றும், அறிவிலும் ஒழுக்கத்திலும் தாழ்ந்து கிடந்தவர்கள் என்றும் எழுதினார். தாழ்வாகச் சொன்னால்தான் தூக்கிவிட்ட பெருமை பெரிதாகத் தெரியும் என்ற எண்ணம் அதில் இருந்ததோ என்னவோ. அவர் வைத்த பள்ளிக்கூடங்களில் படித்த பிள்ளைகளே வளர்ந்து அந்த நூலை வாசித்தார்கள். வாசித்ததும் கொதித்தார்கள்.

நாசரேத் பக்கத்தில் உபதேசியாராக இருந்த அருமைநாயகம் என்கிற சட்டாம்பிள்ளை ஏற்கெனவே அங்கிருந்த மிஷனரியோடு மோதி வேலை இழந்தவர். 1857ல் பிரகாசபுரத்தில் வெள்ளைக்காரர் அதிகாரம் இல்லாத 'இந்து கிறிஸ்தவ சபை'யைத் தொடங்கினார். சனிக்கிழமை ஓய்வுநாள், தூபம் காட்டுதல், பழைய ஏற்பாட்டு முறைகள். ஐரோப்பியத் தலைமையை உதறித் தமிழரே நடத்திய சபைகளில் இந்நாட்டில் முந்தியவற்றுள் ஒன்று அது. 1849ஆம் ஆண்டு நூலுக்கு எதிரான மறுப்புகளும் விண்ணப்பங்களும் 1880கள் வரை ஓயவில்லை. கடைசியில் கால்டுவெல் நூலைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார்.

நம் பாடநூல்களில் இந்தப் பகுதி வராது. வர வேண்டும். தெரு போட்டுக் கொடுத்தவரிடமே, 'எங்களைப் பற்றி எழுத உமக்கு உரிமை இல்லை' என்று சொல்லும் துணிவு அந்தத் தெருவில் வளர்ந்தவர்களுக்கு வந்தது. மணி அடித்தால் வந்து உட்கார்ந்து, சொன்னதைத் திருப்பிச் சொல்லும் கூட்டமாக இருந்தவர்கள் வழக்காடத் தெரிந்த சபையாகிவிட்டார்கள். கால்டுவெல்லின் பள்ளிக்கூடம் நன்றாகவே வேலை செய்தது என்பதற்கு அவர் விரும்பாத அத்தாட்சி இது.

பஞ்சமும் பிரதிஷ்டையும்

1877 மார்ச் 11ஆம் தேதி கல்கத்தாவில் கால்டுவெல்லும் பாளையங்கோட்டை எட்வர்ட் சார்ஜென்டும் உதவி ஆயர்களாக அபிஷேகம் பெற்றார்கள். திரும்பி வந்தவரை வரவேற்றது தாது வருஷப் பஞ்சம். 1876 தொடங்கி 1878 வரை தென்னிந்தியாவை அரித்த பஞ்சம். கஞ்சித்தொட்டி, பின்னாலேயே வாந்திபேதி. நிவாரணப் பணம் திரட்டுவதும் பங்கிடுவதும் ஆயரின் அன்றாட வேலை ஆயிற்று. அந்த இரண்டாண்டுகளில் திருநெல்வேலியில் பல்லாயிரம் பேர் சபைகளில் புதிதாகச் சேர்ந்தார்கள். அரிசிக்காக வந்தவர்கள் என்று அப்போதே பேச்சு எழுந்தது. பசித்தபோது கதவைத் திறந்த இடத்துக்கு வந்தார்கள் என்றும் அதையே சொல்லலாம். 1803ன் கூட்டம் கலைந்ததுபோல் இந்தக் கூட்டம் அடியோடு கலையவில்லை. ஊருக்கு ஊர் உபதேசியாரும் பள்ளிக்கூடமும் அதற்குள் வேரூன்றியிருந்ததே காரணம்.

1880 ஜனவரி 20. பாளையங்கோட்டையில் திருநெல்வேலிச் சபையின் நூற்றாண்டு விழா. 40 பெயரில் தொடங்கிய கணக்கு லட்சத்தை நெருங்கியிருந்தது. ஐந்தரை மாதம் கழித்து, ஜூலை 6ஆம் தேதி, இடையன்குடி ஆலயப் பிரதிஷ்டை. ஆனி மாதம், பனையேற்றம் நடக்கிற காலம். கால்டுவெல்லுக்கு அப்போது 66 வயது. அடிக்கல் வைத்தபோது முப்பதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தவர்.

அடுத்த ஆண்டிலேயே திருநெல்வேலி மாவட்டத்தின் வரலாற்றையும் மிஷனின் தொடக்க வரலாற்றையும் நூல்களாக வெளியிட்டார். கொற்கையில் மண்ணைத் தோண்டிப் பார்த்ததும் அவர்தான். 1883ல் தூத்துக்குடிக்கு இடம்பெயர்ந்தார். 1891 ஆகஸ்ட் 28ஆம் தேதி கொடைக்கானலில் இறந்தார். அங்கே அவர் எழுப்பிய பரிசுத்த பேதுரு ஆலயம் இருந்தும், உடல் மலையிறங்கித் தெற்கே வந்தது. இடையன்குடி ஆலயத்தில் பீடத்தின் கீழே அடக்கம் செய்தார்கள். 1899ல் எலைசாவும் அங்கேயே வந்து சேர்ந்தார். நாகர்கோவில் மகளுக்கும் கிளாஸ்கோ மாணவருக்கும் தேரிதான் சொந்த ஊர் ஆயிற்று.

இன்று

1896ல் திருநெல்வேலி தனித் திருமண்டலம் ஆனது. 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். என்ற பழைய மிஷன் சங்கப் பிரிவுகள் அதற்குள் கலந்தன. 2003ல் தூத்துக்குடி – நாசரேத் திருமண்டலம் பிரிந்தபோது முதலூரும் நாசரேத்தும் அந்தப் பக்கம் போயின. இடையன்குடி திருநெல்வேலித் திருமண்டலத்திலேயே நின்றது. கால்டுவெல் குடியிருந்த வீட்டை 2011ல் தமிழக அரசு நினைவு இல்லமாக்கியது. சென்னைக் கடற்கரையில் அவருக்கு 1968லேயே சிலை வைத்தாயிற்று. திராவிடம் பேசுகிறவர்களும் மொழியியல் படிக்கிறவர்களும் அவர் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். பார்த்துவிட்டுக் கோயிலுக்குள்ளும் ஒரு சுற்று வருகிறார்கள்.

சபையின் கவலைகள் வேறு. தேரிக்காட்டு ஊர்கள் எல்லாவற்றுக்கும் உள்ளவைதான். பனையேற ஆள் இல்லை. படித்த பிள்ளைகள் சென்னைக்கும் மும்பைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். படிக்க வைத்த சபைக்குக் கிடைத்த வெற்றியும் அதுவே, இழப்பும் அதுவே. சாதாரண ஞாயிற்றுக்கிழமைகளில் முன்வரிசைகளில் வயதான பெண்கள் அதிகம். கிறிஸ்துமஸுக்கும் பிரதிஷ்டைப் பண்டிகைக்கும் வெளியூர்க் கார்கள் தெருவை அடைக்கும். கால்டுவெல் கயிறு பிடித்து அளந்த தெருவில் அவ்வளவு கார் நிற்க இடம் இருக்கிறது என்பதே ஆறுதல். இந்தப் பக்கத்துச் சபைகளில் பண்டிகை என்றால் அசனமும் சேர்ந்து வரும். பெரிய கிடாரங்களில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். ஊரே ஒரே பந்தியில். அசனத்துக்கு வரி கொடுத்தவன், கொடுக்காதவன் என்று பந்தியில் யாரும் பார்ப்பதில்லை. வேதத்தில் சேராத அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து கைநனைத்துப் போவார்கள்.

கோயிலைக் கட்டியவர் யார் என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். வடிவம் கால்டுவெல்லுடையது, தவணை சபையினுடையது. ஆண்டுக்கு ஆறுமாதம் வருமானம், ஆறுமாதம் கடன் என்று இருந்த ஒரு குடிக்கு, படிப்பும் தெருவும் கைத்தொழிலும் சுயமரியாதையும் வந்து சேர எவ்வளவு காலம் ஆயிற்றோ, ஏறக்குறைய அவ்வளவு காலம் அந்தச் சுவர்களுக்கும் ஆயிற்று. மூன்றாண்டில் முடித்திருந்தால் கட்டடம் நின்றிருக்கும்; அதற்குள்ளே நின்று கேள்வி கேட்கிற சபை இருந்திருக்காது.

அடுத்த அத்தியாயத்தில் மறுபடி மலையடிவாரத்துக்கு ஏறுவோம். களக்காட்டுப் பக்கத்தில், பிரஷ்ய நாட்டுப் பிரபு ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கும் டோனாவூர். 1820களில் ரேனியஸ் ஐயர் அங்கே சபையை எப்படி ஊன்றினார், 1901ல் ஏமி கார்மைக்கேல் வந்து சேர்ந்தபோது ஊர் என்னவாயிற்று என்பதைப் பார்ப்போம்.

(தொடரும்)